கை தூக்கச் சொல்வதற்கு முன்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். வளாகத்தில் இருக்கும் காலி இடத்தைப் பிள்ளைகள் விளையாட விடுவதா, வண்டி நிறுத்த ஒதுக்குவதா என்று இரண்டு கட்சியாகிவிட்டார்கள். கூட்டம் போட்டாலே சண்டைதான். எல்லாரையும் ஒத்துப்போக வைப்பது எப்படி?

பதில்: எல்லாரையும் ஒத்துப்போக வைக்கும் ஆசையை முதலில் விடுங்கள். சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தால் போதும், மனசு மாற வேண்டியதில்லை.

கூட்டம் தொடங்கியதுமே ‘யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம்’ என்று கை தூக்கச் சொல்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். நாலு பேர் முன்னால் கை தூக்கிவிட்டால் அப்புறம் அது மானப் பிரச்சினை. ஆகவே கூட்டத்துக்கு முன்பே வீடு வீடாகப் போங்கள். ‘உங்கள் கருத்து என்ன?’ என்று கேட்காதீர்கள். அதைத்தான் ஏற்கெனவே கத்திச் சொல்லிவிட்டார்களே. ‘அப்படி நடந்தால் உங்களுக்கு என்ன சிரமம்?’ என்று கேளுங்கள்.

அமெரிக்கச் சிந்தனையாளர் மேரி பார்க்கர் ஃபாலெட் 1920-களில் ஓர் அனுபவத்தைச் சொன்னார். நூலகத்தின் சின்ன அறை ஒன்றில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார். இவர் மூடியே இருக்கட்டும் என்றார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று. இவருக்கோ வாடைக்காற்று நேரே மேலே அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். பாதி ஜன்னலைத் திறந்திருந்தால் இரண்டு பேருக்கும் குறைதான் மிஞ்சியிருக்கும்.

உங்கள் வளாகத்திலும் பாருங்கள். பிள்ளைகளே கூடாது என்பவர் இரவு வேலை முடித்து வந்து பகலில் தூங்குபவராக இருக்கலாம். வண்டிக்கு இடம் கேட்பவருக்கு ராத்திரி மட்டும் இடம் கிடைத்தால் போதுமாக இருக்கலாம். கட்சிகளுக்கு நடுவே தீராதது, கடிகாரத்தை வைத்துத் தீரும்.

கூட்டத்தில் ஒரே ஒரு விதி வையுங்கள்: மறுத்துப் பேசுவதற்கு முன், எதிராளி சொன்னதை அவரே ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்பும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். எரிச்சலூட்டும் விதிதான், ஆனால் பாதிச் சத்தம் அங்கேயே அடங்கிவிடும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இந்த விவகாரத்தை எடுக்கவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் நடுவழி உண்டு என்று நான் சொல்லவில்லை. ‘வாடகைக்கு இருப்பவர்களின் பிள்ளைகள் வேண்டாம்’ என்று யாராவது கிளம்பினால் அங்கே சமரசம் பேசாதீர்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள். மற்றபடி, பேசியும் மிச்சமிருப்பதை வாக்கெடுப்புக்கு விடலாம். மூன்று மாத வெள்ளோட்டம் என்று முடிவெடுத்து, மறுபடி கூடும் தேதியையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். தேதி போடாத வெள்ளோட்டத்தைத் தோற்ற பக்கம் நம்பாது.