ராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் பால்புதுமை (திருநர், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட) மாணவர்களுக்குத் துணை நிற்க ஆசிரியர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

விளக்க உரையில் தொடங்காதீர்கள். பாலினம், பாலீர்ப்பு என்று படம் போட்டு இரண்டு மணி நேரம் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மறுநாள் வகுப்பில் பின்வரிசையிலிருந்து "டேய் ஒம்போது" என்று குரல் வந்ததும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். பலருக்கும் அது வெறுப்பில்லை, அந்த நேரத்தில் வாய்க்கு வார்த்தை வராததுதான். அதனால் முதல் பயிற்சி வாய்க்குத்தான்.

இருபத்தைந்து பேருக்கு மேல் வேண்டாம், அரை நாள் போதும். மூன்று மூன்று பேராக உட்காரட்டும்: ஒருவர் ஆசிரியர், ஒருவர் கேலி செய்பவர், ஒருவர் கவனிப்பவர். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அந்த வார்த்தை இந்த வகுப்பில் கிடையாது. யாரையும் அப்படிக் கூப்பிடக்கூடாது. சரி, பாடத்துக்கு வாங்க." பத்து விநாடி, குரலை உயர்த்தாமல். ஆளுக்கு ஐந்து முறையாவது சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு முறை சிரிப்பு வரும், பிறகு படியும். கேலி செய்த மாணவனோடு தனியாகப் பேசுவது வகுப்பு முடிந்த பிறகு.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். "அவன் மனசு கஷ்டப்படாதா?" என்று கேட்டால் நாற்பது தலைகளும் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பும். "அவன் அப்படியெல்லாம் இல்லை" என்று பரிந்து பேசினால், அப்படி இருப்பது கேவலம் என்று ஆசிரியரே ஒப்புக்கொண்டதாகிவிடும். உடற்கல்வி ஆசிரியரை விட்டுவிடாதீர்கள்; "பொம்பளை மாதிரி ஓடாதே" என்பது மைதானத்தில்தான் பிறக்கிறது.

அடுத்தது கண்ணுக்கு. இடைவேளையில் கழிப்பறைப் பக்கமே போகாமல், மணி அடித்து மற்றவர்கள் வந்த பிறகு அனுமதி கேட்கும் பையன். சாயங்காலமும் அவன் தண்ணீர் பாட்டில் நிறைந்தே இருக்கும். காரணம் கேட்காதீர்கள். பாடவேளையில் யார் கேட்டாலும் அனுப்புவது என்று வகுப்பு முழுமைக்கும் விதி வையுங்கள், அவன் தனித்துத் தெரியமாட்டான். அவன் திருநங்கையா, தன்பாலீர்ப்பாளனா, இரண்டும் இல்லையா என்று கண்டுபிடிப்பது ஆசிரியர் வேலை இல்லை.

பெரிய சேதம் நல்லெண்ணத்தில்தான் நடக்கிறது. பிள்ளை நம்பிச் சொன்னதை ஆசிரியர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். தெருவே சொந்தமாக இருக்கும் மீனவக் கிராமத்தில் காலையில் சொன்னது மாலைக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு மந்திரிக்கக் கூட்டிப்போவது, படிப்பை நிறுத்துவது, பெண் பிள்ளையென்றால் மாப்பிள்ளை தேடுவது. பிள்ளையின் சம்மதமில்லாமல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் மௌனம் கூடாது. பாலியல் கொடுமை என்றால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆகவேண்டும். இந்த எல்லையைப் பிள்ளை பேசத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பேசிய பிறகு சொன்னால் அது துரோகமாகத் தெரியும்.

"இதுக்கெல்லாம் அனுமதி இருக்கா?" என்று தலைமையாசிரியர் கேட்பார். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் விருப்பத்தோடு கொள்ளும் தன்பாலின உறவு குற்றமில்லை என்றது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பால்புதுமையினரைக் 'குணப்படுத்தும்' முயற்சிகளைத் தடைசெய்து, பள்ளிகளிலும் பெற்றோரிடமும் விழிப்புணர்வு ஏற்படுத்தச் சொன்னார். அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்திருங்கள். மரியாதையான சொற்களுக்கு 2022இல் தமிழக அரசிதழில் வந்த சொற்பட்டியலை அச்சிட்டு ஆசிரியர் அறையில் ஒட்டலாம்.

மூன்று வாரம் கழித்து இரண்டாம் அமர்வு. எங்கே வாயடைத்துப் போனது என்று ஆசிரியர்கள் சொல்லட்டும், அதையே மறுபடி நடித்துப் பாருங்கள்.

இரண்டு அமர்வையும் மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டிலிருப்பார்கள், பள்ளியும் பெரும்பாலும் விடுமுறை. பிள்ளைக்கு ஒதுங்க இடமிருக்காது. அதற்குள் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் எல்லாப் பிள்ளைகளின் நோட்டிலும் பின்னட்டை உள்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.