வாசகர் கேள்விகள்: ஐரோப்பாவின் பயமும் பாதுகாப்பும்

நேட்டோ கிழக்கு நோக்கி விரிந்துகொண்டே போனதால்தானே ரஷ்யா உக்ரைன் மீது பாய்ந்தது? பின்லாந்தும் ஸ்வீடனும் சும்மா இல்லாமல் ஏன் அதில் போய்ச் சேர்ந்தன?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. அதில் ஓரளவு உண்மையும் இருக்கிறது. 2008இல் புகாரெஸ்ட் மாநாட்டில் உக்ரைனும் ஜார்ஜியாவும் ஒருநாள் உறுப்பினராகும் என்று, அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோ அறிவித்தது. ஆனால் தேதி சொல்லவில்லை, பாதுகாப்பும் தரவில்லை. ரஷ்யாவைச் சீண்டியும் விட்டு, அந்த இரண்டு நாடுகளை வெட்டவெளியில் நிறுத்தியும் விட்ட முடிவு அது. என்னைப் பொறுத்தவரை நேட்டோ செய்த மிகப் பெரிய தவறு அதுதான்.

ஆனால் "நேட்டோ விரிந்தது" என்று சொல்லும்போது, ஏதோ வாஷிங்டனில் ஒருவர் வரைபடத்தில் கோடு இழுத்ததுபோல் பேசுகிறோம். கதவைத் தட்டியது அந்தச் சின்ன நாடுகள்தான். பின்லாந்தையே பாருங்கள். 1939 நவம்பரில் சோவியத் படை உள்ளே நுழைந்தது. மூன்றரை மாதம் தனியாகச் சண்டை போட்ட பின்லாந்து, கடைசியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலத்தை இழந்தது, நாலு லட்சம் பேர் வீடுவாசலை விட்டுக் கிளம்பினார்கள். அதன்பிறகு 1948இல் மாஸ்கோவுடன் ஒப்பந்தம் போட்டு, அதன் மனம் கோணாமல் பல பத்தாண்டுகள் நடந்துகொண்டது. நேட்டோவில் சேரலாம் என்று சொன்னவர்கள் அங்கே பல வருடங்களாக 20, 30 சதவீதம்தான். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்த பிறகு மூன்றே மாதத்தில் அது 70ஐத் தாண்டியது. 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து 31ஆவது உறுப்பினர், அடுத்த மார்ச்சில் ஸ்வீடன் 32ஆவது. ஸ்வீடன் இருநூறு வருடம் எந்தக் கூட்டணியிலும் சேராமல் இருந்த நாடு! இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அமெரிக்கா இல்லை, உக்ரைன் மீது விழுந்த ஏவுகணைகள். ரஷ்யாவுடன் பின்லாந்துக்கு உள்ள எல்லை மட்டும் சுமார் 1,340 கிலோமீட்டர்.

உக்ரைனிடம் அணுகுண்டு இருந்ததாமே? அதை ஏன் விட்டுக்கொடுத்தார்கள்?
– காரைக்குடி வாசகி

இருந்தது. சோவியத் யூனியன் உடைந்தபோது உக்ரைன் மண்ணில் கிடந்த அணு ஆயுதக் குவியல் உலகிலேயே மூன்றாவது பெரியது. ஆனால் அவற்றை ஏவுவதற்கான ரகசியக் குறியீடுகள் மாஸ்கோவிடம் இருந்தன. பொருளாதாரமோ படுத்துக் கிடந்தது, அமெரிக்காவும் ரஷ்யாவும் சேர்ந்தே நெருக்கின. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ஒரு ஆவணம் கையெழுத்தானது. உக்ரைனின் எல்லைகளை மதிப்போம், அதன்மீது பலத்தைப் பிரயோகிக்க மாட்டோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் உறுதி சொல்லின. 1996க்குள் எல்லாக் குண்டுகளும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பாருங்கள், மிகச் சிறியது. மீறினால் கலந்து பேசுவோம் என்பதற்கு மேல் யார் என்ன செய்வார்கள் என்பதுதான் அதில் இல்லை. மற்ற நாடுகள் படை அனுப்பும் என்று ஒரு வரி கிடையாது. 2014இல் உக்ரைனின் கிரிமியா பறிபோனபோது கையெழுத்திட்ட ரஷ்யாவே அதை மீறியது, மற்ற இரண்டும் கண்டித்தன, தடைகள் போட்டன, அவ்வளவுதான். இப்போது சமாதானம் பேச வருபவர்களிடமெல்லாம் உக்ரைன் "உத்தரவாதம் வேண்டும், எங்கள் மண்ணில் உங்கள் வீரர்கள் வேண்டும்" என்று பிடிவாதமாகக் கேட்பது இதனால்தான். எனக்கு இதில் பெரிய கவலை வேறொன்று. குண்டைக் கொடுத்த நாட்டுக்கு இந்தக் கதி என்று பார்க்கும் மற்ற நாடுகள் எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்ளும்?

அமெரிக்கா கைவிட்டால் நேட்டோவின் 5ஆவது பிரிவு செல்லுமா?
– ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வேலூர்

ஒருவரைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகும் என்பது அந்தப் பிரிவு. ஆனால் ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றுவதைச் செய்யும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதனால் எல்லாமே நம்பிக்கையைப் பொறுத்தது. இதுவரை ஒரே ஒருமுறை அது பயன்பட்டது, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. அந்த அழைப்பை ஏற்று ஆப்கானிஸ்தான் போன டென்மார்க், சுமார் அறுபது லட்சம் பேரே வாழும் நாடு, அங்கே 43 வீரர்களை இழந்தது. அதே டென்மார்க்குக்குச் சொந்தமான கிரீன்லாந்தை எடுத்துக்கொள்ள ராணுவத்தைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தர 2025 ஜனவரியில் டிரம்ப் மறுத்தார். அந்த 43 குடும்பங்களுக்கும் அதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும்?

அதனால்தான் தாளைவிட ஆள் முக்கியம் என்கிறேன். 2017 முதல், ரஷ்யாவை ஒட்டிய சின்ன நேட்டோ நாடுகளான எஸ்டோனியாவில் பிரிட்டனும் லாட்வியாவில் கனடாவும் லிதுவேனியாவில் ஜெர்மனியும் தலைமையேற்றுப் படை நிறுத்தியிருக்கின்றன. தாக்கினால் முதல் நாளே அந்த நாடுகளின் பிள்ளைகளும் சாவார்கள், அப்புறம் யாரும் யோசித்துச் சொல்கிறோம் என்று ஒதுங்க முடியாது. 2025இல் ஹேக் மாநாட்டில் நேட்டோ நாடுகள் 2035க்குள் தங்கள் மொத்த உற்பத்தியில் 5 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டார்கள் (3.5 நேரடி ராணுவச் செலவு, 1.5 அதைச் சார்ந்தது). பணம் தேவைதான். ஆனால் எல்லையில் நிற்கும் ஒரு கனடாக்காரர் தரும் தைரியத்தை அந்தப் பணம் மட்டும் தராது.

ஜெர்மனி மறுபடி ஆயுதம் சேர்க்கிறதே, பயமாக இல்லையா?
– கோவை வாசகர்

பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். ஜெர்மனியின் பலத்தைவிட அதன் செயலின்மையைத்தான் அதிகம் அஞ்சத் தொடங்கியிருக்கிறேன் என்று 2011இலேயே பெர்லினுக்குப் போய்ச் சொன்னவர் போலந்து வெளியுறவு அமைச்சர் சிகோர்ஸ்கி. அவர் பேசியது யூரோ நெருக்கடி பற்றி, ஆனாலும் இப்போது இன்னும் பொருந்துகிறது. இன்று லிதுவேனியாவில் ஜெர்மனி ஒரு நிரந்தரப் படைப்பிரிவை அமைக்கிறது, அழைத்தது லிதுவேனியாவே. எனக்குப் பயமில்லை.

எங்கோ நடக்கிற சண்டை. நமக்கென்ன?
– மதுரை வாசகர்

2022இல் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது நினைவிருக்கிறதா? போருக்கு முன் இந்தியாவுக்கு அதை அதிகம் அனுப்பியது உக்ரைன். அங்கே மருத்துவம் படித்த நம் பிள்ளைகள் குண்டுச் சத்தத்துக்கு நடுவே எல்லைக்கு நடந்து வந்ததையும் பார்த்தோம்.

பேச்சுவார்த்தை என்றால் ஏன் இஸ்தான்புல், ரியாத் என்றே செய்தி வருகிறது? ஐரோப்பாவில் பேச இடமே இல்லையா?
– பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்

இடம் இருக்கிறது. 1975இல் ஹெல்சிங்கியில் அமெரிக்கா, சோவியத் உள்பட 35 நாடுகள் கையெழுத்திட்ட உடன்பாட்டிலிருந்து வளர்ந்த ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு அமைப்பு வியன்னாவில் இன்றும் இயங்குகிறது. 57 நாடுகள், ரஷ்யாவும் உறுப்பினர். ஆனால் எல்லோரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். 2014 முதல் கிழக்கு உக்ரைனில் போர்நிறுத்தத்தைக் கண்காணித்த அதன் குழு, ரஷ்யா நீட்டிப்புக்குச் சம்மதிக்காததால் 2022இல் மூடப்பட்டது. 2025 பிப்ரவரியில் ரியாத்தில் அமெரிக்காவும் ரஷ்யாவும் உட்கார்ந்தபோது உக்ரைனும் அங்கே இல்லை, ஐரோப்பாவும் இல்லை.

இதில் ஐரோப்பாவின் தவறும் இருக்கிறது. மாஸ்கோவுடன் பேசுவதே பாவம் என்று நீண்ட நாள் இருந்துவிட்டு, அந்த வேலையைத் துருக்கிக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விட்டுவிட்டார்கள். கருங்கடல் வழியே தானியக் கப்பல்கள் ஒரு வருடம் போனது துருக்கியும் ஐ.நா.வும் பேசியதால். 2025 மே மாதம் இஸ்தான்புல்லில் பேசி, பக்கத்துக்கு 1,000 கைதிகள் மூன்றே நாளில் வீடு திரும்பினார்கள். போர் நிற்கவில்லை, ஆனால் இரண்டாயிரம் பேர் வீட்டுக்கு வந்தார்கள். லிதுவேனியாவில் படையும் வேண்டும், மாஸ்கோவுடன் சமாதானம் பேச ஐரோப்பாவின் சொந்தத் தூதர் ஒருவரும் வேண்டும். அந்தத் தூதரை உடனே நியமிக்க வேண்டும் என்பது என் கருத்து.