உலகின் மறுகோடியில் இருப்பவருக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? சர்வதேசச் சட்டம் வெறும் காகிதம்தானே?

எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்று நீரில் துவரம்பருப்பு வேகாது. எவ்வளவு விறகு தள்ளினாலும் கொட்டை கொட்டையாகவே கிடக்கும். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றை ஒட்டிய ஊர். பழைய கணக்கில் வட ஆர்க்காடு. 'முகம் தெரியாத அந்நியனுக்கு எனக்கென்ன கடமை? போலீஸ் இல்லாத சட்டம் ஒரு சட்டமா?' என்று நீங்கள் கேட்டிருப்பதைப் படித்ததும் அந்தப் பருப்புதான் நினைவுக்கு வந்தது.

பாட்டியின் சிறுவயதில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோலைப் பதனிடுவார்களாம். நாற்றம் அப்போதும் உண்டு. பிறகு குரோம் என்ற ரசாயனம் வந்தது. வாரக்கணக்கில் ஊறிய வேலை ஓரிரு நாளில் முடிந்தது. தோல் வெளிர்நீலமாக வெளியே வந்தது. பச்சைத்தோல் அழுகாமலிருக்கத் தடவிய உப்பும் கழுவிய நீரும் ஆற்றுக்குப் போயின. ஷூ ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது, உப்பு எங்கள் கிணற்றில் தங்கிவிட்டது. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: என் அப்பா அப்படித் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் கூலிக்கு இருந்தவர். என் பள்ளிக் கட்டணம் அந்தப் பணம்.

இந்தக் கேள்விக்குத் தத்துவக்காரர்கள் வழக்கமாக எடுக்கும் உதாரணம் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர் 1972-இல் எழுதியது. குளத்தில் ஒரு குழந்தை மூழ்குகிறது. உன் உடுப்பு அழுக்காகும் என்பதற்காக விட்டுவிட்டுப் போவாயா? மாட்டாய் என்றால், தொலைவில் பசியால் சாகும் குழந்தையை மட்டும் ஏன் விட்டுவிடுகிறாய்? வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்த ஐடா ஸ்கடர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அந்தப் பெண்களுக்கு அவர் எந்த விதத்திலும் கடன்பட்டிருக்கவில்லை. வந்தார், செய்தார். கும்பிட வேண்டியதுதான்.

ஆனால் உலகக் கடமை என்றாலே இந்தக் கருணைக் கணக்கு மட்டும்தான் என்று பேசுவது எனக்கு எரிச்சலூட்டும். தாமஸ் போகி என்ற ஜெர்மானியத் தத்துவவாதி வேறு இடத்தில் கை வைக்கிறார். பணக்கார நாடுகள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பவை அல்ல, அந்தக் குளத்தின் கரையை வழுக்கலாக்கியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். குழந்தையைத் தூக்குகிறவனைத் தர்மவான் என்போம். தள்ளிவிட்டவனே தூக்கினால் அதற்குப் பெயர் தர்மமா? எங்கள் கிணற்றுக்கு வேண்டியது அன்னதானம் அல்ல, நஷ்டஈடு.

சட்டம் கடல் தாண்டாது என்றும் சொல்ல முடியாது. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோஃபீனாலை ஜெர்மனி 1989-இல் தடை செய்தது. இங்கே ஏற்றுமதியாளர்கள் கொஞ்சகாலம் கையைப் பிசைந்தார்கள், பிறகு மாற்று மருந்துக்கு மாறினார்கள். ஜெர்மன் போலீஸ் யாரும் ஆம்பூருக்கு வரவில்லை. ஆனால் அந்தத் தடை காப்பாற்றியது ஷூ போடும் காலை. ஷூ செய்யும் ஊரின் ஆற்றை அது கணக்கில் எடுக்கவில்லை.

கிணற்றைக் கணக்கில் எடுத்தது வேறொரு காகிதம். 1992-இல் பிரேசிலின் ரியோவில் நாடுகள் கூடி வெளியிட்ட சுற்றுச்சூழல் பிரகடனம். யாரையும் கட்டுப்படுத்தாது, நீங்கள் சொல்வது போலவே வெறும் காகிதம். அதிலிருந்த 'மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும்' என்ற கொள்கையை, வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் என்ற குடிமக்கள் அமைப்பு டேனரிக் கழிவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று இந்த நாட்டின் சட்டம் என்றே அறிவித்தது. நாடுகளிடையே வழக்காறாகிவிட்ட விதி நம் சட்டத்தோடு முரண்படாவிட்டால், அது இங்கேயும் செல்லும் என்றது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழ்பட்டதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு டேனரிக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். பத்தாயிரம்! இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையமும் அமைக்கச் சொன்னார்கள். சட்டக் கல்லூரிகளில் இன்றும் இந்த வழக்கைப் படிக்கிறார்கள். எங்கள் கிணற்று நீரின் ருசி மாறவில்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்று மாசுக்காக உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு நீண்ட தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

ஆகவே காகிதம் வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். நாலே வருடத்தில் ரியோவிலிருந்து எங்கள் தாலுகா வரை வந்த காகிதம் அது. கடைசி இரண்டு மைல்தான் அதற்கு நடக்கத் தெரியவில்லை.

எல்லாம் வெள்ளைக்காரன் குற்றம் என்று எழுதி முடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. மேலே ஆந்திராக்காரர்கள் தடுப்பணை கட்டித் தண்ணீரை நிறுத்துகிறார்கள் என்று ஊரே கூடித் திட்டும். நாங்கள் ஆற்றில் விட்டது கீழே காஞ்சிபுரம் பக்கம் போவதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. உங்கள் கைபேசி பேட்டரியில் கோபால்ட் இருந்தால், அது பெரும்பாலும் காங்கோவில் தோண்டியெடுத்ததாக இருக்கும். அந்த வியாபாரத்தில் நீங்களும் நானும் ஷூ வாங்கும் ஜெர்மானியர்கள்.

ஜெர்மனியில் 2023 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு தரும் வெளிநாட்டு ஆலைகளில் மனித உரிமை எப்படியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். என் அக்கா ஒரு ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிறாள். சென்ற வருடம் ஆய்வுக்கு வந்த ஒருவர் தீயணைப்பான், கழிப்பறை, ஓவர்டைம் நோட்டு எல்லாம் பார்த்துவிட்டு, வீட்டில் குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டாராம். மூலையில் இருந்த இருபது லிட்டர் கேனைக் காட்டி, வீட்டிலும் இதுதான், காசு கொடுத்து வாங்குகிறோம் என்றாளாம். அவர் தாளைப் புரட்டி, அதற்கான கட்டம் எது என்று தேடிக்கொண்டிருந்தாராம்.