வெள்ளி எங்கே போயிற்று?

கேள்வி: தமிழ்ப் பேசும் படத்துக்கு 2031இல் நூறு வயது. வெள்ளி விழா, பொன் விழா, வைர விழா என்று ஒரு படத்துக்கு எத்தனை விழாதான் எடுப்பது? ‘இதே நாளில் வெளியானது’ என்று தேதி பார்த்துக் கொண்டாடுவதால் யாருக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகர்

பதில்: லாபக் கணக்கு அப்புறம். உங்கள் கேள்வியில் இருக்கும் ‘வெள்ளி’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

சினிமாவில் இந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை வேலை! படம் ஓடுகிற திரை வெள்ளித்திரை. படம் வெளியாகும் கிழமை வெள்ளி. 175 நாள் ஓடினால் வெள்ளி விழா. இவை பெரும்பாலும் பெயரளவில்தான் வெள்ளி. அசல் வெள்ளி பிலிமுக்குள் இருந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தின் பிரதியில் கறுப்பாகத் தெரிவதெல்லாம், ஜெலட்டின் பூச்சில் படிந்த பொடிப்பொடியான வெள்ளித் துகள். கதாநாயகியின் கூந்தல், கண்ணில் தீட்டிய மை, தூணுக்குப் பின்னால் விழும் நிழல் எல்லாமே வெள்ளி. பிலிமின் ஓரத்தில் மெல்லிய கோடாக ஓடும் ஒலித்தடமும் வெள்ளிதான். அந்தக் காலத்து நடிகையின் முகமும் குரலும் உலோகமாகவே நமக்குக் கிடைத்தன.

அந்த உலோகத்துக்காகவே அவற்றை உருக்கினார்கள். ஓடி முடிந்த படம் தயாரிப்பாளருக்கு இடத்தை அடைக்கும் தகரப் பெட்டி. உருக்குகிறவருக்கோ அது காசு. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியானது. அதை எடுத்த அர்தேஷிர் இரானியின் வீட்டில் சில ரீல்கள் மிஞ்சியிருந்தன என்று கேள்விப்பட்டு, புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் தேடிப் போனார். வெள்ளியை எடுத்துக்கொண்டு ரீல்களை விற்றுவிட்டார்கள் என்பதுதான் கடைசியில் அவருக்குக் கிடைத்த பதில். பிரான்சில் முதல் உலகப் போரின்போது ராணுவம் ஜார்ஜ் மெலியேயின் படச்சுருள்களை எடுத்துப் போய் உருக்கி, பூட்ஸுக்குக் குதிகால் செய்தது. நிலவுக்குப் போவதைத் திரையில் காட்டிய மனிதரின் படங்கள் சிப்பாய்களின் காலடியில் தேய்ந்தன. எஞ்சியிருந்த நெகட்டிவ்களை 1923இல் மனம் உடைந்து அவரே தீயிட்டார்.

இனி நம் வீட்டுக் கதை. முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளியானது 1931 அக்டோபர் 31, சனிக்கிழமை. திரையிட்டது, பின்னாளில் முருகன் தியேட்டர் ஆன சென்னை கினிமா சென்ட்ரல். எச்.எம். ரெட்டி இயக்கத்தில் பம்பாயில் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்த படம். தமிழும் தெலுங்கும் இந்தியும் கலந்து பேசினார்கள். காளிதாசன் கதையில் காந்தியின் கைராட்டைக்கு ஒரு பாட்டு! அந்தத் துணிச்சலை நினைக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. நாயகி டி.பி. ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனவர். தமிழ்த் திரை முதன்முதலாகப் பேசியபோது அவர் குரல் எப்படி இருந்தது? கேட்க வழியில்லை. ஓர் அடி பிலிம்கூட மிஞ்சியதாகத் தெரியவில்லை. பாட்டுப் புத்தகமும் பத்திரிகை விளம்பரங்களும் சில புகைப்படங்களும் இருக்கின்றன. வெள்ளி போய்விட்டது; மலிவுத் தாள் நின்றிருக்கிறது.

தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ வந்தது 1916இலா, 1917இலா, 1918இலா என்று வருடா வருடம் எனக்குக் கடிதம் எழுதிச் சண்டை போடும் அன்பர்களுக்கும் இதைத்தான் சொல்லி வருகிறேன். படமும் அதன் காகிதங்களும் பத்திரமாக இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடம் இருந்திருக்காது. ஆண்டைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு ஆவேசப்படுகிறவர்கள், படத்தைத் தொலைத்ததற்குப் பாதி ஆவேசமாவது படக் கூடாதா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய தயாரிப்பாளரின் குடும்பத்தார் அழைத்து, மாடிப்படிக்கு அடியில் இருந்த ஐந்து பெட்டிகளைக் காட்டினார்கள். மூடி துருப்பிடித்து ஒட்டியிருந்தது. திருப்புளியால் நெம்பித் திறந்ததும் வினிகர் நெடி கண்ணைக் கரித்தது. அசிடேட் பிலிம் சிதையும்போது வரும் நெடி அது. சுருள் அப்பளம்போல் நெளிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. ஒரு துண்டை மட்டும் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். குடம் ஏந்திய ஒரு பெண். அடுத்த கட்டத்திலும் அவளே, குடம் மயிரிழை நகர்ந்திருந்தது. அதற்கடுத்த கட்டத்தில் பூச்சு உரிந்து என் விரலோடு வந்துவிட்டது. “போன வருஷமே கூப்பிட்டிருக்கலாமோ சார்?” என்று கேட்டார் வீட்டுக்காரர். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால்தான் ஐயா, தேதி பார்த்துக் கொண்டாட வேண்டும் என்கிறேன். யாராவது ஒருவர் நாளைக் குறித்து வைத்துக் கேட்டால்தான், பெட்டி எங்கே என்று வீட்டில் தேடுவார்கள். 1927இல் பெர்லினில் வெளியாகி, பிறகு வெட்டிக் குறைக்கப்பட்ட ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் காணாமல்போன காட்சிகள் 2008இல் புவனஸ் ஐரிஸ் அருங்காட்சியகம் ஒன்றில் கிடைத்தன. பெர்லினில் வெட்டி எறிந்தது, 80 ஆண்டு கழித்து அர்ஜென்டினாவில்! ‘காளிதாஸ்’ எங்கேயும் இல்லை என்று முடிவுகட்ட எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம். ஒலி, ஒளி ஆவணங்களைக் காக்க யுனெஸ்கோ குறித்த நாள் அக்டோபர் 27. ‘காளிதாஸ்’ பிறந்தநாளுக்கு நான்கே நாள் முன்னால். விழா எடுப்பவர்கள் அந்த நான்கு நாளையும் சேர்த்து எடுக்கட்டும். ஷீல்டு கொடுப்பதோடு, ஒவ்வொரு ஊரிலும் பழைய பெட்டிகளைத் திறந்து பார்க்கட்டும்.

இன்னும் இரண்டு தேதிகள் உண்டு. நாயர் மறைந்தது 2016 மார்ச் 4. தமிழ்ப் படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மறைந்தது அதே மார்ச் 21. பிலிமைத் தேடி அலைந்தவரையும் தகவலைத் தேடி அலைந்தவரையும் பதினேழு நாள் இடைவெளியில் இழந்தோம். ‘இதே நாளில்’ என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். நம் இதழில் இனி ஒவ்வொரு மார்ச்சிலும் வரும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய பாட்டுப் புத்தகமோ, தகரப் பெட்டியோ இருந்தால் பழைய பேப்பர்க்காரர் வருவதற்குள் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பெட்டியாக இருந்தால் நீங்கள் திறக்க வேண்டாம், வெயில் படாமல் வையுங்கள். நானே வருகிறேன்.