கதிர்வீச்சுக்கு முன் குடலைத் தூக்கிக் கட்ட வேண்டுமா?

கேள்வி: கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக என் அம்மாவுக்கு (52) கருப்பையை அகற்றியிருக்கிறார்கள். அடுத்து 25 நாள் கதிர்வீச்சு. அதற்குள் லேப்ராஸ்கோப்பி செய்து குடலை மேலே தூக்கிக் கட்டாவிட்டால் குடல் வெந்துவிடும் என்று எங்களை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: உங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. கருப்பை இருந்த இடம் காலியானதும் சிறுகுடல் அந்தக் குழிக்குள் இறங்கிவிடுகிறது. ‘கரண்ட் வைப்பது’ என்று மக்கள் சொல்லும் கதிர்வீச்சும் ஐந்து வாரங்களில் 45 முதல் 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கு அங்கேதான் பாய்கிறது. அவர் சொல்லும் அறுவை சிகிச்சையும் கற்பனையன்று. சிறு துளைகளின் வழியே, வயிற்றுக்குள் திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலத்தையோ நாளடைவில் கரைந்துவிடும் வலையையோ கொண்டு இடுப்புக்குழியை மூடிக் குடலை மேலே நிறுத்துவார்கள்.

ஆனால் உங்கள் அம்மாவின் நிலையில் இருப்பவர்களுக்கு இன்று அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. குடலை இயன்றவரை விலக்கிக் கதிரைச் செலுத்தும் ஐஎம்ஆர்டி முறையை மும்பை டாடா நினைவு மருத்துவமனை 300 பெண்களிடம் சோதித்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளுக்குள் மிதமான அல்லது அதைவிடக் கடுமையான குடல் பாதிப்பு பழைய முறையில் 100க்கு 42 பேருக்கும் இம்முறையில் 21 பேருக்கும் ஏற்பட்டது. இதனுடன், மருத்துவர் சொல்லும் அளவு தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு தினமும் படுத்தால், அதுவே குடலை மேலே தள்ளும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். முந்தைய அறுவையின் ஒட்டுத்திசுக்களால் குடல் இடுப்புக்குழியில் ஒட்டிக்கொண்டு, சிறுநீர்ப்பை நிரம்பினாலும் நகராமல் இருந்து, மீண்டும் வந்த கட்டிக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் கதிர்வீச்சும் தேவைப்பட்டால், இந்த அறுவையைப் பற்றி யோசிக்கலாம். குடல் ஒட்டியிருப்பது மட்டும் போதாது. கூடுதல் அளவும் தேவைப்பட வேண்டும். அதையும் கதிர்வீச்சைத் திட்டமிட எடுக்கும் சிடி ஸ்கேனைப் பார்த்துக் கதிர்வீச்சு மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

அழைத்துச் சென்றவர் முடிவு செய்யும் விஷயம் இதுவல்ல. ‘பேக்கேஜ்’ பேசி, முன்பணம் வாங்கி, தேவையற்ற அறுவைக்கு அனுப்பும் தரகர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன். புதிய அறுவையே புதிய ஒட்டுத்திசுக்களை உண்டாக்கலாம். காயம் ஆறும்வரை கதிர்வீச்சும் தள்ளிப்போகும். அரசு மருத்துவமனையில் கருவிக்காகவும் காப்பீட்டு ஒப்புதலுக்காகவும் நோயாளியை வாரக்கணக்கில் காத்திருக்கச் செய்யும் நிர்வாகம்தான் இந்தத் தரகர்களுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இதைப் பலமுறை சொல்லியும் எதுவும் மாறவில்லை.

எனவே பணம் எதுவும் கட்டாதீர்கள். கதிர்வீச்சு மருத்துவரை நேரில் பார்த்து, குடல் நகர்கிறதா, ஐஎம்ஆர்டி கிடைக்குமா, எந்தத் தேதியில் தொடங்கும் என்று கேளுங்கள். அறுவை தேவை என்று அவர் கருதினால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.