டாக்டர் முடிவெடுக்கத் துணைநிற்கும் கணினி: எந்தப் படிப்பில் சேர்ப்பது?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் பயோ-மேத்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்துவிட்டாள். எம்.பி.பி.எஸ். இடம் கைநழுவிப் போனபின், டாக்டர்கள் முடிவெடுக்கக் கைகொடுக்கும் கம்ப்யூட்டர் சிஸ்டம்களைச் செய்யப் போவதாகச் சொல்கிறாள். அப்படி ஒரு வேலை உண்டா, இருந்தாலும் ஏஐ வந்து அதை விழுங்கிவிடாதா என்பது உங்கள் கவலை. வேலை உண்டு. அந்தப் பெயரில் விளம்பரம் வருவது அரிது என்பதால் கண்ணில் படுவதில்லை. ஆனால் படிப்பைத் தேடுமுன், அந்த வேலையின் கஷ்டம் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பல பிள்ளைகள் அதைத் தப்பான இடத்தில் தேடித் தப்பான படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள்.

கணினியைச் சரியாகக் கணிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று தோன்றும். அதில் பாதி 50 ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்ற மருத்துவரின் குழு, கடும் வயிற்றுவலியோடு வந்த 304 நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் கொடுத்துப் பார்த்தது. 1972-ல் வெளியான முடிவு: கணினி 91.8 சதவீதம் சரி, அங்கிருந்த மூத்த மருத்துவர் 79.6 சதவீதம் சரி. அந்தக் கணினி பயன்படுத்தியது பேயீஸ் தேற்றம்: புதிய தகவல் கிடைக்கக் கிடைக்க ஒன்றின் நிகழ்தகவைத் திருத்திக் கணக்கிடும் வழி. உங்கள் மகள் பதினோராம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்தகவுப் பாடத்தில் படித்த அதே தேற்றம்தான்.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு, இந்தத் துறைக்கு வருகிறவர்கள் அதைத்தான் முதலில் மனத்தில் இருத்த வேண்டும். கணினிக்குத் தகவல் தருவதற்காக மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியையும் ஒரே வரிசையில் விசாரித்துப் படிவம் நிரப்பினார்கள். தங்கள் கணிப்பு சரியா தப்பா என்றும் அவர்களுக்குத் தெரியவந்தது. ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பே மேம்பட்டது. ஆய்வு முடிந்ததும் பழைய நிலைக்கு இறங்கியது. நல்ல படிவமும், முடிவு என்ன ஆயிற்று என்று திரும்பிவரும் தகவலும் மனிதரைக் கூர்மையாக்கின. இந்த வேலையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

கணினியைப் பயன்படுத்தும் மனிதரையும் அவர் வேலை செய்யும் சூழலையும் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான மைசின் என்ற மென்பொருள், இரத்தத் தொற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் தரலாம் என்று நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு சொன்னது. நிபுணர்கள் மதிப்பிட்டபோது அதன் பரிந்துரைகள் மருத்துவப் பேராசிரியர்களின் பரிந்துரைகளுக்குச் சளைக்காமல் நின்றன. இருந்தும் அது வார்டுக்குப் போகவே இல்லை. மருத்துவர் தன் வேலையை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்து, அது கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு யாருக்கு நேரம்?

அண்மைக் கதை தாய்லாந்தில் நடந்தது. சர்க்கரை நோயால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறியும் கூகுளின் அமைப்பைப் பழக்கிய படங்களில் நம் அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் உண்டு. அந்த அமைப்பைத் தாய்லாந்தில் 11 மருத்துவ மையங்களில் வைத்துப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளியானது. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, படத்தின் தரம் போதாது என்று கணினி ஏற்கவில்லை. பல மையங்களில் படமெடுக்க இருட்டறை இல்லை, இணையமும் மெதுவாக இருந்தது. செவிலியர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த படத்தைக்கூடக் கணினி தள்ளியது. அப்படித் தள்ளப்பட்ட நோயாளி வேறு நாளில் வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. ஆய்வகத்தில் தேறிய மென்பொருள், இருட்டறை இல்லாத இடத்தில் தடுக்கி விழுந்தது. இதை முன்கூட்டியே போய்ப் பார்த்து எழுதி வைப்பவர்தான் இந்தத் துறைக்குத் தேவை.

இனி ஒரு கணக்கு. மகளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயிரம் பேரில் 20 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. கணினி நோயுள்ளவரில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவரில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நோயுள்ள 20 பேரில் 18 பேர் சிக்குவார்கள். நோயில்லாத 980 பேரில் 98 பேருக்கு வீணாக மணி அடிக்கும். மொத்தம் 116 எச்சரிக்கை, உண்மை 18. ஏறத்தாழ ஆறுக்கு ஒன்று. வீண்மணி அடிக்க அடிக்க டாக்டரின் விரல் படிக்காமலே மூடும் பொத்தானுக்குப் போகும். மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளைப் பற்றி 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், அவற்றில் 49 முதல் 96 சதவீதம் வரை மருத்துவர்களால் மீறப்பட்டன என்று தெரிந்தது. எந்த எச்சரிக்கையை நிறுத்துவது, எதைத் திரையின் ஓரத்தில் காட்டுவது, எதற்கு மட்டும் வழிமறிப்பது என்று முடிவு செய்வது ஒரு முழுநேர வேலை. இந்தக் கணக்கு அவளுக்குச் சுவையாக இருந்தால் துறை பொருந்தும். அலுப்பாக இருந்தால் இப்போதே வேறு வழி பார்ப்பது நல்லது.

படிப்புக்கு வருவோம். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்ற பெயர் ஈர்க்கும். அதில் பெரும்பகுதி கருவிகள், சிக்னல்கள், மின்னணுவியல். உங்கள் மகள் கேட்பது அதுவல்ல. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ் இரண்டில் எது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரியின் தளத்திலிருந்து எட்டு செமஸ்டர் பாடத்திட்டத்தையும் இறக்கி நான்கு விஷயங்களைத் தேடுங்கள்: நிகழ்தகவும் புள்ளியியலும் குறைந்தது இரண்டு தாள் இருக்கிறதா, டேட்டாபேஸுக்கு லேப் இருக்கிறதா, மனித-கணினி ஊடாட்டம் (மனிதர் கணினியை எப்படிப் பயன்படுத்துகிறார் என்று படிப்பது) என்ற பாடம் விருப்பப் பாடமாகவாவது இருக்கிறதா, கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டை வெளியே மருத்துவமனையில் செய்ய விடுவார்களா. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். மனித-கணினி ஊடாட்டம் பாடத்திட்டத்தில் இருந்தும் நடத்த ஆளில்லாமல் போவதுண்டு. போன ஆண்டு நடத்தினீர்களா என்று துறையில் நேரடியாகக் கேளுங்கள்.

பொறியியலில் நல்ல கல்லூரி அமையாவிட்டால், பி.எஸ்சி. புள்ளியியலை நான் தயங்காமல் சொல்வேன். சுமாரான கல்லூரியின் ஏஐ பட்டத்தைவிட, நல்ல துறையுள்ள கல்லூரியின் புள்ளியியல் பட்டம் இந்த வேலைக்கு உறுதியான அடித்தளம். அதோடு சென்னை ஐஐடியின் இணையவழி பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பையும் சேர்த்துப் படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022-ல் அனுமதி தந்துவிட்டது. ஜேஇஇ தேவையில்லை, நான்கு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். இரண்டையும் சமாளிக்க முடியாவிட்டால் இடையில் சான்றிதழ் அல்லது டிப்ளமோவோடு வெளியேறவும் வழி உண்டு.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கிறது. தெரிந்தவர் மருந்துக்கடை ஏதாவது இருந்தால் இதைச் செய்து பார்க்கட்டும். அதிகம் விற்கும் 50 மருந்தை எக்செல்லில் ஏற்றி, எதை எப்போது ஆர்டர் போடலாம் என்று தாள் சொல்லும்படி அமைக்க வேண்டும். சூத்திரம் எளிது. ஒரு மருந்து நாளுக்கு 6 ஸ்ட்ரிப் விற்கிறது, சரக்கு வர 3 நாள் ஆகிறது என்றால் 18. கைக்காவலாக 6 சேர்த்தால் 24. இருப்பு 24-ஐத் தொட்டதும் ஆர்டர். முதல் வாரமே எண்ணிக்கை உதைக்கும். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப்பில் 10 மாத்திரை, இன்னொன்றில் 15. கடையில் மாத்திரையாகவும் விற்பார்கள், ஸ்ட்ரிப்பாகவும் விற்பார்கள். அலகை ஒன்றாக்காமல் எதுவும் நகராது.

ஆனால் முக்கியமானது ஒவ்வொரு மருந்துக்கும் தாளின் கடைசியில் சேர்க்க வேண்டிய இரண்டு கட்டங்கள்: கடைக்காரர் உண்மையில் எவ்வளவு ஆர்டர் போட்டார், தாள் சொன்னதை மீறியிருந்தால் ஏன். பக்கத்துக் கிளினிக் டாக்டர் அடுத்த வாரம் ஊரில் இல்லை, காலாவதி தேதி நெருங்கிய சரக்கை ஏஜென்ட் தள்ளப் பார்க்கிறார் என்று காரணங்கள் வரும். இவை எதுவும் எக்செல்லில் இல்லை, கடைக்காரர் தலையில் இருக்கின்றன. எதைத் தாளுக்குள் கொண்டுவரலாம், எதை அவரிடமே விட வேண்டும் என்று பிரித்தெழுதட்டும். நோயாளிகளின் பெயரோ மருந்துச் சீட்டோ அந்தத் தாளில் வரவே கூடாது என்பதையும் இப்போதே பழக்கமாக்கிக்கொள்ளட்டும்.

ஏஐ பயத்தைப் பற்றி: 2020 மார்ச்சில் வந்த நம் நாட்டுத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், ஏஐ நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, பதிவுபெற்ற மருத்துவருக்குத் துணைசெய்யலாம் என்று சொல்கின்றன. கையெழுத்து மனிதருடையது. அவர் எதைப் பார்த்துக் கையெழுத்திடுகிறார், கணினி சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவிடாமல் எப்படிக் காப்பது என்று யோசிக்க ஆள் தேவைப்படுகிறது. நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியை ஏஐ எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதனால்தான் நிரல் மட்டும் தெரிந்து வெளியே வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

முதல் வேலை டேட்டா அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட் என்ற பெயர்களில் வரும். மருத்துவமனை மென்பொருள் நிறுவனங்களில் இம்ப்ளிமெண்டேஷன் என்று ஒரு வேலை உண்டு: மருத்துவமனைக்கே போய் மென்பொருளை நிறுவி, செவிலியருக்கும் பில்லிங் ஆட்களுக்கும் பழக்கிவிடுவது. அலைச்சல் என்று பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். இந்தத் துறையைக் கற்க அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. மெடிக்கல் கோடிங் வேறு வேலை. நோய்க்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கான குறியீடு போடுவது. வருமானத்துக்குச் செய்யலாம், ஆனால் இரண்டும் ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வேலை உத்தரவாதத்தோடு ஆறு மாத ஏஐ கோர்ஸ் என்று பெரிய தொகை கேட்கும் இடங்களுக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். நிரல் எழுதப் பைத்தான், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்க எஸ்க்யூஎல், புள்ளியியல் மூன்றும் என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். முதல் செமஸ்டரில் ஒரு பாடம், பன்னிரண்டு வாரம், அது போதும். மருந்துக்கடைத் தாளை ஒரு மாதம் விடாமல் நிரப்பிவிட்டாளா என்று பார்த்துவிட்டு, கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.