வகுப்பறையை விட்டுப் போனவரா டாமி கோ?

அன்புள்ள ஐயா,

சட்ட ஆசிரியராக இருந்து சிங்கப்பூரின் ஐ.நா. தூதரான டாமி கோ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சட்டம் கற்பிப்பவன். நல்ல ஆசிரியர்களை அரசாங்கம் தூதராக்கி அனுப்பிவிட்டால் மாணவர்கள் கதி என்ன? அவர் வகுப்பறையிலேயே இருந்திருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. 1974 முதல் பத்து வருஷம் அவருடைய மாணவர்கள் அவரை இழந்தது உண்மைதான். ஆனால் 1968இல் அவரை முதல்முறை ஐ.நா.வுக்கு அனுப்பியபோது அவருக்கு வயது 30, நாடு தனியாகி மூன்றே வருஷம், பழுத்த அனுபவமுள்ள தூதர்களுக்கு அந்த நாடு எங்கே போகும்? பல்கலைக்கழகத்தில்தான் ஆள் தேட வேண்டியிருந்தது. 1971இல் அவர் திரும்பி வந்து மூன்று வருஷம் சட்டத்துறைத் தலைவராக இருந்தார், அப்புறம்தான் மறுபடி ஐ.நா. தூதராக நியூயார்க்.

அங்கே அவர் செய்ததைக் கொஞ்சம் பாருங்கள். ஐ.நா. கடல் சட்ட மாநாட்டில், ஆழ்கடல் தரையில் கிடக்கும், மாங்கனீசு போன்ற உலோகங்கள் கொண்ட உருண்டைகளை அள்ளும் நிறுவனங்கள் எவ்வளவு கட்டணம் கட்ட வேண்டும் என்று பேசும் குழு அவர் தலைமையில் இருந்தது. அந்தத் தொழிலே இன்னும் தொடங்காத நிலையில் செலவு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? பணக்கார நாடுகள் ஒரு கணக்குச் சொல்ல, ஏழை நாடுகள் அதை நம்பவில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் செலவையும் லாபத்தையும் கணக்கிட்டுப் பார்க்க ஒரு கணினி மாதிரி உருவாக்கியிருந்தார்கள். அந்த ஆய்வாளர்களையே பிரதிநிதிகளுக்கு விளக்க வைத்து, இந்த எண்ணை மாற்றினால் அந்த எண் என்ன ஆகும் என்று எல்லோரையும் கேட்க வைத்து, அதற்குப் பிறகே பேரத்துக்கு வந்தார். நம்மைப் போன்றவர்கள் தினமும் வகுப்பில் செய்கிற வேலைதானே இது!

1980 டிசம்பரில் மாநாட்டுத் தலைவர், இலங்கையின் ஷெர்லி அமரசிங்க இறந்தார். அடுத்த வருஷம் அந்தப் பொறுப்பு கோவிடம் வந்தது. 1982 ஏப்ரல் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் கடல் சட்ட உடன்படிக்கையை 130 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா உட்பட நான்கு எதிர்த்தன, 17 ஒதுங்கின. டிசம்பர் 10, ஜமைக்காவின் மான்டிகோ பே நகரில் முதல் நாளிலேயே 119 கையெழுத்துகள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் சொந்தக் கடல், 200 கடல் மைல் வரை கடல் வளங்களில் அதற்கு உரிமை என்று இன்று நாம் சொல்லும் வரம்புகள் அந்த உடன்படிக்கையில் இருப்பவை.

மாநாட்டு நிறைவில் அவர் பேசியது 'கடல்களுக்கான அரசியல் சாசனம்' என்ற தலைப்பில் கிடைக்கிறது. சில பக்கங்கள்தான். சட்டம் தெரியாதவருக்கும் புரியும். உங்கள் மாணவர்களுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.